பள்ளிப் பேருந்தின் அவசரக் கதவு: கைப்பிடியைத் தூக்கிச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மே மாதம் பிறந்தால் மாவட்டந்தோறும் மைதானத்தில் மஞ்சள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆய்வு நடக்கும். 2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்தது. அதே ஆண்டில் தமிழகத்தில் பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. படிக்கட்டின் உயரம், தளப் பலகை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாவற்றையும் அதிகாரிகள் பார்க்கிறார்கள். அவசரக் கதவையும் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கதவு சரியாக மூடாவிட்டால் ஓட்டுநரை எச்சரிக்கும் பஸர் ஒலிக்கிறதா என்று பார்க்கும்போது பெரும்பாலும் ஒரு விஷயம் விடுபடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கதவை அகலத் திறந்ததும் பஸர் கத்தினால் 'சரி' என்று குறித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். அகலத் திறந்த கதவை ஓட்டுநர் கண்ணாடியிலேயே பார்த்துவிடுவார். அதற்குப் பஸர் எதற்கு? பஸர் தேவைப்படும் தருணம் வேறு. கடைசி இருக்கையில் விளையாடும் குழந்தை கைப்பிடியைப் பாதி தூக்கிவிடுகிறது. தாழ் விடுபட்டுவிடும், ஆனால் கதவு விளிம்பில் ஒட்டிய புது ரப்பர் பீடிங்கின் பிடிப்பில் கதவு அசையாமல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூடிய கதவுதான். வண்டி ஒரு வளைவில் திரும்பினால் போதும், திறந்துகொள்ளும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் பேருந்து ஒழுங்குமுறை 107 இதனால்தான், எச்சரிக்கை ஒலியைக் கதவின் அசைவு அல்ல, தாழ் அல்லது கைப்பிடியின் அசைவே இயக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரம் 217, சாவி ஆனில் இருந்து தாழ் மூடிய நிலையில் இல்லாவிட்டால் ஓட்டுநர் இருக்கையிலும் அந்தக் கதவருகிலும் தொடர்ந்து ஒலி கேட்க வேண்டும் என்கிறது. பூட்டு உள்ள அவசரக் கதவைப் பூட்டியிருந்தால் இன்ஜினே ஸ்டார்ட் ஆகக் கூடாது என்பதும் அங்கே விதி.

ஆக, சோதனையின் முதல் படி இது. சாவியை ஆன் செய்யுங்கள். கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். தாழ் முழுவதும் விடுபடுவதற்குள் பஸர் கத்த வேண்டும். கத்தாமல், கையை எடுத்துக் கதவு நகர்ந்த பிறகே கத்தினால் சுவிட்சு இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறது. கேபின் விளக்குக்குப் போடும் பின் சுவிட்சை (முனையில் நீட்டிய சிறு கம்பியான 'பின்' அமுங்கினால் இயங்குவது) கதவு நிலையில் மாட்டி, கதவுப் பலகை அதை அழுத்தும்படி விட்ட வண்டிகளில் இதுதான் நடக்கும். பழுது பார்த்துப் பயனில்லை, சுவிட்சை இடம் மாற்ற வேண்டும்.

எங்கே வைப்பது? கைப்பிடிக்கு அடியில், கதவின் உள்ளேயே மைக்ரோ சுவிட்சு வைப்பது ஒரு வழி. அதில் இரண்டு குறைகள். வயர் கீலைத் தாண்டி வர வேண்டும். நாளடைவில் அங்கேதான் அறுபடும். இன்னொன்று, கதவு சரியாகப் பொருந்தாமல் தாழ் மட்டும் மூடிய நிலைக்கு வந்தாலும் சுவிட்சு ஏமாந்து மௌனமாகிவிடும். எங்கள் பரிந்துரை, தாழ்க்கம்பி நுழையும் ஓட்டைக்குப் பின்னால், நிலைச்சட்டத்தில் சுவிட்சை வைப்பது. கம்பி முழுதாக உள்ளே வந்து அழுத்தினால்தான் பஸர் அடங்கும். கதவும் மூடியிருக்க வேண்டும், தாழும் விழுந்திருக்க வேண்டும். வயர் அசையவே அசையாது. மேலும் கீழும் இரண்டு கம்பி ஓடும் கதவானால் இரண்டு ஓட்டையிலும் சுவிட்சு வேண்டும். கீழ்க்கம்பி வளைந்து மேல்க்கம்பி மட்டும் விழும் கதவுகள் அபூர்வமல்ல.

இனி பழுதுகள். பட்டறைக்கு வரும் புகார்களில் முதலிடம், 'கதவு மூடியிருக்கிறது, பஸர் விடாமல் கத்துகிறது' என்பதற்குத்தான். வயரை வெட்டிவிடச் சொல்லும் பேச்சு எழுவதும் இங்கேதான். முதலில் கதவைப் பாருங்கள், வயரைத் தொடாதீர்கள். இந்தப் புகாரின் வேர் பெரும்பாலும் தச்சு வேலையிலும் வெல்டிங் வேலையிலும் இருக்கும், மின்சாரத்தில் அல்ல. கீல் தேய்ந்து கதவு சில மில்லிமீட்டர் தொங்கியிருக்கும். தாழ்க்கம்பி ஓட்டையின் விளிம்பில் இடித்து நிற்கும். கம்பி முனையில் சாக்பீஸோ கிரீஸோ தடவிக் கதவை மூடித் திறந்தால் எங்கே இடிக்கிறது என்று தடம் காட்டிக்கொடுக்கும். கீல் போல்ட்டைத் தளர்த்திக் கதவைத் தூக்கி நிறுத்துங்கள். ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது கடைசி வழி. அளவுக்கு மேல் தடித்த பீடிங் போட்டிருந்தாலும் தாழ் அடி வரை இறங்காது.

தாழ் சரியாக விழுந்தும் கத்தினால், சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் குறை சுவிட்சிலோ அதன் பொருத்தத்திலோ இருக்கிறது: பின் தேய்ந்து போதிய அளவு அமுங்காமல் இருக்கும், அல்லது பிராக்கெட் வளைந்திருக்கும். கழற்றிய பிறகும் கத்தினால், அந்த வயர் வழியில் எங்கோ தோலுரிந்து வண்டியின் பாடியைத் தொடுகிறது (வயரைப் பாடியோடு சேர்ப்பதுதான் சுவிட்சின் வேலையும்). இருக்கையின் கால் போல்ட்டு, பக்கத் தகட்டை இறுக்கிய திருகு, கூரை மூலை, இந்த மூன்று இடங்களில் தேடினால் பெரும்பாலும் அகப்படும். ஒன்றுக்கு மேல் அவசர வழி இருந்து எல்லாம் ஒரே பஸருக்கு வந்தால், ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றினால் குற்றவாளி தெரிந்துவிடும். வழிக்கு ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு டேஷ்போர்டில் வைத்திருந்தால் இந்தத் தேடலே வேண்டியதில்லை.

வேகத்தடையிலும் குழியிலும் மட்டும் விட்டுவிட்டுக் கத்தும் வண்டி உண்டு. சுவிட்சு விளிம்பில் வேலை செய்கிறது என்று பொருள். தாழ் முழுதாக விழுந்த நிலையில் பின் நன்றாக அமுங்கி, இயங்கும் புள்ளியைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். அதே சமயம் அடியில் முட்டியும் நிற்கக் கூடாது, முட்டினால் சுவிட்சு உடையும். வாஷர் வைத்துச் சுவிட்சை முன்னே கொண்டுவரலாம். அட்டையை மடித்துச் செருகுவது, பின்னின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது எல்லாம் ஒரு மழை வரைக்கும்தான். வண்டி கழுவிய அன்று மட்டும் கத்தினால் சுவிட்சுக்குள் தண்ணீர் போகிறது. ரப்பர் தொப்பி உள்ள சுவிட்சாக மாற்றுங்கள். டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவலாம். பின்னில் கிரீஸ் அப்பாதீர்கள், கிராமத்துப் புழுதி அதில் ஒட்டிச் சில மாதங்களில் சிமென்ட் ஆகிவிடும்.

கத்தும் பஸரை யாராவது கவனிப்பார்கள். மௌனமான பஸரைத்தான் யாரும் புகாராகச் சொல்வதில்லை.

சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றி, சாவி ஆனில் வைத்து, வயர் முனையைத் துரு இல்லாத பாடித் தகட்டில் தொடுங்கள். பஸர் கத்தினால் ஃபியூஸ், பஸர், வயர் எல்லாம் சரி. சுவிட்சு அல்லது அதன் எர்த்து (பாடியோடு சேரும் இணைப்பு) கெட்டிருக்கிறது. அழுத்தாத நிலையில் சுவிட்சின் தடை ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பெயின்ட் மேல் பிராக்கெட்டை இறுக்கியிருந்தால் எர்த்து கிடைக்காது. தொட்டும் கத்தாவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். வயர் முனையில் பேட்டரி அளவு வோல்ட் காட்டினால் வயர் வரை சரி, பஸர் செத்துவிட்டது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். இந்த இடத்தில் டெஸ்ட் லாம்ப் ஏமாற்றும்: மின்னோட்டம் பஸரின் வழியாக வருவதால் விளக்கு எரியாது, லைன் இல்லை என்று நினைத்து நல்ல வயரைப் பிரித்துப்போடுவார்கள்.

பஸர் மாற்றும்போது வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 24 வோல்ட் பேருந்தில் 12 வோல்ட் பஸர் கொஞ்ச காலம் உரக்கக் கத்திவிட்டுக் கருகும். 12 வோல்ட் வேனில் 24 வோல்ட் பஸர் முனகும். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துக் கொடுப்பது மோசமான குறுக்குவழி. ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் தேயும், பஸரும் சாவியின் கட்டுப்பாட்டில் இருக்காது. சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிக் கொடுத்தால் எலக்ட்ரானிக் பஸர்கள் ஒலிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒரு குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான வயரிங்கில் ஃபியூஸிலிருந்து பஸர், பஸரிலிருந்து சுவிட்சு, அங்கிருந்து எர்த்து. தாழ் விடுபட்டால் சுவிட்சு சேரும், பஸர் கத்தும். இதில் வயர் அறுந்தாலோ யாராவது வெட்டினாலோ எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இதைத் தலைகீழாக்க ஒரு ஐந்து பின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) போதும். தாழ் விழுந்தால் சேரும் வகைச் சுவிட்சைப் போடுங்கள். ரிலேயின் 86 எண் பின்னுக்குச் சாவி லைன் (சாவி ஆனில் மட்டும் மின்சாரம் வரும் வயர்), 85-லிருந்து சுவிட்சு வழியாக எர்த்து. 30-க்கு ஃபியூஸ் போட்ட அதே சாவி லைன், 87ஏ-யிலிருந்து பஸர், பஸரின் மறுமுனை எர்த்து. தாழ் விழுந்திருக்கும் வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், பஸர் அடங்கும். தாழ் விலகினாலும் வயர் அறுந்தாலும் ரிலே விட்டுவிடும், பஸர் கத்தும். பல வழிகள் இருந்தால் சுவிட்சுகளை வரிசையாகத் தொடராக இணைக்க வேண்டும். ரிலேயும் சுவிட்சும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். 85-ஐ நேராக எர்த்தில் முறுக்கிவிட்டால் இதையும் ஏமாற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் அது கைப்பிடிச் சோதனையில் அகப்பட்டுவிடும்.

பஸருக்குத் தனி ஃபியூஸ் வேண்டாம், ஹாரனோடு சேர்த்துவிட்டால் ஓட்டுநர் பிடுங்கமாட்டார் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கெட்டிக்காரத்தனமாகத் தோன்றினாலும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஹாரன் ஃபியூஸ் பெரிது, பஸர் வயர் மெல்லியது. ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகுமுன் வயர் எரியும். தனியாக ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, பெட்டி மூடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கேமராவும் பின்பக்க சென்சாரும் பிறகு பொருத்தும்போது, கைக்கு எட்டிய லைன் என்று பஸரின் சப்ளையிலேயே முடிச்சுப் போட்டு எடுப்பதும் நடக்கிறது. கேமராவின் குறையால் அந்த ஃபியூஸ் போனால் பஸரும் போகும்.

ஒலி எங்கே கேட்கிறது என்பதும் முக்கியம். முன்பக்க இன்ஜின் வண்டியில், டேஷ்போர்டுக்குள் ஆழத்தில் மாட்டிய சின்னப் பஸர் இரண்டாம் கியரிலேயே அமுங்கிவிடும். இன்ஜினை முழு வேகத்தில் உறுமவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். ஏர் பிரேக் வண்டிகளில் காற்றழுத்தம் ஏறும் வரை வேறொரு பஸர் கத்திக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே குரலில் இருந்தால் காலையில் வண்டியை எடுக்கும் அந்த நிமிடங்களில் கதவுப் பஸர் அதில் மறைந்துபோகும். இரண்டில் ஒன்றை, விட்டு விட்டு ஒலிக்கும் வகையாக மாற்றுங்கள். கதவருகில் இன்னொரு பஸர் இருந்தால் உதவியாளர் உடனே திரும்பிப் பார்ப்பார், கைப்பிடியைத் தொட்ட குழந்தையும் கையை எடுக்கும்.

பஸர் தொல்லை தாங்காமல் கைப்பிடியைக் கயிற்றால் கட்டுவதும், பூட்டுப் போடுவதும், கதவின் முன்னால் ஒரு கூடுதல் சீட்டைப் பொருத்துவதும்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. 1988 மே 14 இரவு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் கரோல்டன் அருகே ஒரு பழைய பள்ளிப் பேருந்தின் மீது எதிரே வந்த வண்டி மோதியது. முன்வாசல் அருகே இருந்த பெட்ரோல் டாங்க் தீப்பிடித்து அந்த வழி அடைபட்டது. மிச்சமிருந்தது பின்பக்க அவசரக் கதவு ஒன்றுதான். இருக்கைகளுக்கு நடுவே குறுகலான பாதையில் எல்லோரும் அங்கே நெருக்கினார்கள். 27 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பிள்ளைகள். பள்ளிப் பேருந்துகளில் அவசர வழிகளை அதிகமாக்கும் விதிகள் அங்கே அதன் பிறகு வந்தன. திறக்கக் கூடாத நேரத்தில் திறந்தால் கத்துவதற்குத்தான் பஸர். திறக்க வேண்டிய நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கு எங்கள் கோரிக்கை சிறியது. ஆண்டு ஆய்வுப் படிவத்தில் அவசரக் கதவுக்கான இடத்தில் மூன்று வரிகள் சேருங்கள்: சாவி ஆனில் கைப்பிடியை மட்டும் தூக்கியபோது பஸர் ஒலித்ததா, இன்ஜின் ஓடும்போது ஓட்டுநர் இருக்கையில் கேட்டதா, கைப்பிடியை விட்டுத் தாழ் விழுந்ததும் நின்றதா. பள்ளி நிர்வாகங்கள் மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். காலையில் டயரையும் பிரேக்கையும் பார்க்கும்போது உதவியாளர் பின்னால் போய்க் கைப்பிடியைத் தூக்கட்டும், ஓட்டுநர் முன்னாலிருந்து குரல் கொடுக்கட்டும். ஒரு நிமிட வேலை. ஒலிக்காத நாளில் டிரிப் ஷீட்டில் எழுதிவிட்டு, மாலை டிரிப்புக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பேருந்து மின்பணியாளர்கள் சிலர்,
கரூர்.