மீன்வளத்துறைக்கு ஒரு திறந்த மடல்: ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்தக் குட்டைங்கள காலி பண்ணுங்க

எங்க மாவட்டத்து மீன்வளத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், எங்க கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் ஓரமா இருக்கிற, ஆப்பிரிக்கன் கெளுத்தி மீன் வளர்க்குற அந்தக் குட்டைங்களப் பத்தித்தான். திங்கக்கிழமை மனுநாள்ல ரெண்டு தடவ மனு குடுத்தாச்சு, ரெண்டு ரசீதும் பத்திரமா இருக்கு. ரெண்டாவது தடவ போனப்ப "ஏற்கனவே குடுத்திருக்கீங்களே"ன்னு கேட்டாங்க. ஆமா சார், அதனாலதான் திரும்ப வந்தோம்.

இந்த வருஷ மீன்பிடி திருவிழாவுல நடந்தத மட்டும் சொல்லிடறேன். எங்க கண்மாய நாங்க குத்தகைக்கு விடறதில்ல, வீட்டுக்கு 200 ரூபான்னு போட்டு கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடுவோம், அதுபோக விரால், நாட்டுக் கெளுத்தி, ஆரல், குரவை, அயிரைன்னு தானா கெடக்குறது தனி, தண்ணி வத்துற நேரமா பாத்து நாள் குறிச்சு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பெரியவங்க கரையில நின்னு வெள்ளைத்துண்டு வீசுனதும் எல்லாரும் ஒண்ணா இறங்குறது. பிடிச்சத யாரும் விக்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோயி கொழம்பு வைக்கணும். இந்தத் தடவ வசூல் நோட்டு என் கையில, மொத்தம் 142 வீடு.

நானும் ஊத்தாவ, அதாவது மேலயும் கீழயும் திறந்த மீன்பிடிக் கூடைய, தூக்கிட்டு இறங்குனேன். ஊத்தா போட்டுப் பழகுனவங்களுக்குத் தெரியும், மேல்வாய் வழியா கைய விட்டுத் துழாவும்போதே உள்ள என்ன மீனுன்னு சொல்லிரலாம், கெண்டைன்னா செதிலு தட்டும், விராலுன்னா வழுக்கிக்கிட்டு ஓடும், ரெண்டு கையும் சேத்து அமுக்கணும். இந்த வருஷம் எங்க போட்டாலும் கைக்குத் தட்டுனது ஓடு மாதிரி தட்டையா ஒரு மண்டையும் மீசையும்தான், அந்த ஆப்பிரிக்கன் கெளுத்தி. மூணாவது மீனு முள்ளால குத்தி கட்டைவிரல் வீங்கிப்போச்சு. நாலு பேரு சாக்குல போட்டு இழுத்துட்டு வந்ததுல ஒண்ணு மூணு கிலோவுக்கு மேல இருந்துச்சு, கரையிலயே வயித்தக் கிழிச்சுப் பாத்தோம். உள்ள ரெண்டு விரால் குஞ்சு, பாதி கரைஞ்ச தவள, நண்டு ஓடு. விரால் தன் பார்ப்ப செவப்பா கூட்டமா கூட்டிட்டுப் போறத மடைக்கிட்ட நின்னு நாங்களே பாத்திருக்கோம், குஞ்சு பெருசாகுற வரைக்கும் ஆணும் பொண்ணும் காவல் காக்கும், அந்தக் காவலையும் மீறி இது உள்ள போயிருக்கு பாருங்க.

கட்லா, ரோகு எல்லாம் சேத்து ஒரு கூடை கூட தேறல. பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு கண்ணு அவ்வளவா தெரியாது, நான் கொண்டுபோயி குடுத்த மீனோட தலையத் தடவிப் பாத்துட்டு "என்னப்பா மண்ட இம்புட்டு அகலமா இருக்கு, இது நம்ம கண்மா மீனு இல்லயே"ன்னுச்சு. அப்புறம் ரொம்ப மெதுவா, "அந்த இருநூறுக்கு சந்தையிலயே வாங்கியிருப்பேனே"ன்னுச்சு. நான் என்ன பதில் சொல்றது? நோட்டு என்கிட்ட இருக்கு, பொறுப்பு உங்ககிட்ட இருக்கு, திட்டு மட்டும் எனக்கு.

இந்த ஆப்பிரிக்கன் கெளுத்திய இந்தியாவுல வளர்க்கக் கூடாதுன்னு 2000-லயே தடை, 2019-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அழிக்கச் சொல்லிருச்சு, இதெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்ல, உங்க ஆபீஸ் சுவத்துலயே போஸ்டர் ஒட்டியிருக்கு. போஸ்டர் நல்லாத்தான் இருக்கு, மீன் படம் கூட கலர்ல போட்டிருக்கீங்க. அந்தக் கலர் மீனு உயிரோட கெடக்குற இடம் உங்க ஆபீஸ்ல இருந்து பைக்ல அரைமணி நேரம். ராத்திரி அந்த மீனுக்குத் தீனியா கோழிக்கழிவு வண்டி வர்ற நேரம் ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், நாத்தமே சொல்லிரும்.

ஓனரக் கேட்டா வலை கட்டியிருக்கேன், வெளிய போகாதுங்கிறாரு. அது கிழிஞ்ச கொசுவலை சார். குட்டைக் கரைக்கும் வரத்துக்காலுக்கும் நடுவுல பத்தடி கூட இல்ல, போன ஐப்பசியில ரெண்டு நாள் விடாம பெஞ்சதுல குட்டையும் காலும் ஒண்ணாயிருச்சு, இதுவோ காத்தையும் இழுத்துக்குற மீனு, சேத்துல கெடக்கும், தரை ஈரமா இருந்தா ஊர்ந்தே போயிரும், அதுகிட்ட போயி கொசுவலையக் காட்டுனா?

தடை போடுறது, அப்புறம் மறந்துடுறதுன்னா ஜிலேபி மீன் (திலேப்பியா) கதைதான் ஞாபகம் வருது. 1952-ல கொண்டாந்தீங்க, 1959-லயே இனி பரப்பாதீங்கன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க, அதுக்குள்ள அது ஊரெல்லாம் குடியேறிருச்சு, முட்டைய வாயிலயே வச்சுக் காப்பாத்துற மீன யாரு ஒழிக்கிறது. இன்னிக்கு அமராவதி டேம்ல வலைய இழுத்தா ஜிலேபிதான் ஜாஸ்தி. இப்ப பண்ணைக்குட்டையில கிஃப்ட் திலேப்பியான்னு சீக்கிரம் வளர்ற ஒரு திலேப்பியா ரகத்த விடச் சொல்றீங்க, ஆண் குஞ்சு மட்டும் விடணும், வடிகால்ல சல்லடை போடணும்னு ரூல்ஸ் இருக்கு, சரி, அந்தச் சல்லடைய யாரு வந்து பாக்குறா? பேப்பர்ல எல்லா மீனும் தொட்டிக்குள்ளதான் இருக்கு. கலர்மீன் கடைக்காரங்க தொட்டிப் பாசி தின்னுறதுக்குன்னு வித்த டேங்க் கிளீனர் மீனு எப்படி கொளத்துக்கு வந்துச்சுன்னு ஆரம்பிச்சா இந்த மடல் முடியாது, விட்ருங்க.

நாங்க விடுற கட்லா, ரோகு மட்டும் நம்ம ஊரு மீனான்னு கேப்பீங்க. இல்லதான், அதெல்லாம் வடக்க கங்கை பக்கத்து மீனு. ஆனா அது ஓடுற ஆத்துலதான் முட்டை விடும், கண்மாய் தண்ணியில பெருகாது, வருஷா வருஷம் காசு குடுத்துத்தான் விடணும். ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு நாங்க காசு குடுக்கல, அதுவா வந்துச்சு, இனி அதுவா போகாது.

குட்டை போட்டவரு மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா அவரும் கடன் வாங்கித்தான் போட்டிருக்காரு, சீக்கிரம் எடை ஏறும், தீவனச் செலவு இல்லன்னு எவனோ குஞ்சு கொண்டாந்து வித்துட்டுப் போயிருக்கான். இருக்குற மீன அழிச்சிட்டு, அதே குட்டையில விரால் வளர்க்க அவருக்கு வழி பண்ணிக் குடுங்க. விராலுக்கு சந்தையில இருக்கிற விலை உங்களுக்குத் தெரியாததா? குஞ்சு பொரிக்க வைக்கிற வித்தையும் உங்க துறையில படிச்சவங்ககிட்ட இருக்கு.

மன்னிக்கணும், எங்கயோ போயிட்டேன். கேக்குறது ஒண்ணுதான், ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்தக் குட்டைங்கள காலி பண்ணுங்க. வெறும் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிராதீங்க, தண்ணிய இறைச்சு சேத்தக் கிளறி குஞ்சு வரைக்கும் எடுக்கணும், இல்லன்னா சேத்துக்குள்ள போயி படுத்துக்கும். கண்மாயிலயும் தண்ணி அடியில கெடக்குறப்பவே ஒரு தடவ வலை விட்டு இருக்குறத எடுத்துட்டா, புதுசா குஞ்சு விட ஊர்ல திரும்ப வசூல் கேக்க எனக்கு வாய் வரும்.

தயவுசெஞ்சு ஆள் அனுப்புங்க. வர்றதுக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணுனா போதும், நம்பர் ரெண்டு மனுவுலயும் எழுதியிருக்கேன். ரோட்டுல இருந்து குட்டைக்குப் போற பாதையில முள்ளு ஜாஸ்தி, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். மோட்டாரும் இழுவலையும் ஊர்லயே இருக்கு.

இப்படிக்கு,
நோட்டு இன்னும் கையில இருக்கிற ஒரு கண்மாய்க்காரன்