பூநாரை கடைசியில்

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு வரும்போது பாப்பாவுக்குப் பழவேற்காட்டு ஏரியில் பூநாரை காட்டவேண்டும் என்று எழுதியிருந்தாய். அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள். தை மாசத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும், நிஜந்தான். ஆனால் நிற்பது கரையை விட்டு வெகுதூரம். ரெண்டரை வயசுக் கண்ணுக்கு அது தண்ணீர்மேல் இழுத்த ஒரு ரோஸ் கோடு, அவ்வளவுதான். ஸ்ரீஹரிகோட்டா ரோட்டோரம் சில நாள் கிட்டே மேயும். அதை நம்பிக் கிளம்ப முடியாது. பைனாகுலரும் உதவாது. பிள்ளையின் ரெண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு அது மடங்காது, பிடிக்கும் கையும் ஆடும். அஞ்சு வயசு தாண்டட்டும்.

முதல் நாள் வயலுக்குக் கூட்டிப்போ. காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குத் திரும்பிவிடலாம். ஓரிடத்தில் கால்மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாதே. நாற்று நட்ட வயலில் நத்தைகுத்தி நாரை நிற்கும். மெதுவாக நடக்கும், பெரிய உடம்பு, சட்டென்று பறந்து ஓடாது. சின்னப் பிள்ளைக்கு இதைவிடத் தோதான பறவை கிடையாது. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், அதைக் காட்டு. அது பிறவியிலேயே இருப்பதில்லை. குஞ்சுக்கு அலகு நேராக மூடும், வளர வளரத்தான் இடைவெளி விழும். நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, கீழலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் வரப்பில் கிடக்கும். பாப்பா கட்டாயம் பொறுக்குவாள், பொறுக்கட்டும். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடு.

நின்றபடி "அதோ பார், அதோ பார்" என்று விரலை நீட்டினால் அவள் உன் விரலைத்தான் பார்ப்பாள். மண்டி போட்டு உட்கார். உன் கன்னம் அவள் கன்னத்தோடு ஒட்டட்டும், கையை அவள் காதோரமாக நீட்டு. முதலில் அசையாத ஒன்றைக் காட்டு: பனைமரம், மின்கம்பம். அங்கிருந்து பறவைக்குக் கொண்டுபோ. பேரை உடனே சொல்லாதே. என்ன செய்கிறது என்று கேள்: குனிகிறதா, வாலை ஆட்டுகிறதா? பேர் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு பறவை போதும்.

மீதி நேரத்துக்குக் கொல்லைப்புறமே தாராளம். அகலமான மண்தட்டில் ரெண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி நடுவே ஒரு கல் வை. ஆழம் கூடினால் சின்னக் குருவி இறங்காது. செடி மறைவில் வைத்தால் பூனை பதுங்கிப் பாயும், திறந்த இடத்தில் வை. தினமும் கொட்டித் தேய்த்து மாற்றவேண்டும், ஒரு வாரம் விட்டால் கொசு. அந்த வேலையைப் பாப்பாவிடமே கொடுத்துவிடு. தட்டுக்கு மைனாவும் தவிட்டுக்குருவியும் முதலில் வரும். நொய்யோ கம்போ ஒரு கைப்பிடி போடலாம். மிக்சர், உப்புப் போட்ட சோறு வேண்டாம்.

குஞ்சு ஏதாவது தரையில் தத்திக்கொண்டிருந்தால் எடுக்க விடாதே. இறகு முளைத்த குஞ்சு பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்து மரத்திலேயே இருக்கும். நாய் பூனை வந்தால் மட்டும் தூக்கித் தாழ்ந்த கிளையில் வை. கிளி வாங்கிக் கொடு என்று அடம்பிடிப்பாள். நம் ஊர்க் கிளியை 1972 வனவிலங்குச் சட்டப்படி கூண்டில் வளர்க்கக் கூடாது. அவளிடம் சட்டம் பேசாமல் மரத்தில் இருக்கும் கிளியைக் காட்டிவிடு.

பழவேற்காட்டுக்குப் போகும் முன்னால் நேலபட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போ. சூலூர்பேட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் போல. தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கும்; அங்கே தெலுங்கில் கூடபாத்து என்பார்கள், ரெண்டையும் சொல்லிக்கொடு. குஞ்சு தாயின் தொங்குபைக்குள் தலையையே விட்டு மீன் தின்னும். அதைப் பார்த்தால் பாப்பா பறவை பார்க்கும் கோபுரத்தைவிட்டு இறங்கமாட்டாள். எச்ச நாற்றம் இருக்கும், முகம் சுளிக்காதே. நீ சுளித்தால் அவளும் சுளிப்பாள்.

உடுப்பு மங்கல் நிறமாக எடுத்துவை. கொலுசையும் அந்தக் கீச்கீச் செருப்பையும் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வா.

அம்மா