‘ஒண்ணுதானே’ என்று சொல்லும் அண்ணாச்சிமாருக்கு

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கும் நம் கூட்டத்து அண்ணாச்சிமார், அக்காமார், மதினிமார் அனைவருக்கும் வணக்கம்.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நான் வாயைத் திறப்பதற்குள் வடை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுத்தில் வருகிறேன்.

நான் உங்களோடு நடக்க ஆரம்பித்தபோது 84 கிலோ. ஒரு வருடம், மழை நாள் தவிர ஒரு நாள் விடாமல் நடந்தேன். வருடக் கடைசியில் 85. “உடம்பு வாகு அப்படி, என்ன செய்ய முடியும்வே” என்று நீங்கள் ஆறுதல் சொன்னீர்கள். நானும் நம்பிவிட்டேன். ஆனால் முப்பது வருடம் தபால் ஆபீஸில் பார்சலை கிராம் கணக்கில் எடைபோட்டவன் அல்லவா, மனது கேட்கவில்லை. சமையலறைக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள், சரி.

முதலில் நம் நடையையே எடுத்துக்கொள்வோம். 84 கிலோ ஆள் 40 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 185 கலோரி செலவாகும். அதில் 55 கலோரி, வீட்டில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்திருந்தாலும் செலவாகியிருக்கும். மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடம்புக்கு அது வேண்டும். ஆக நடந்ததால் கூடுதலாகப் போனது 130 கலோரிதான். கடையில் ஒரு உளுந்த வடை, அளவைப் பொறுத்து, 120 முதல் 150. நாம் இரண்டு சாப்பிடுகிறோம். இரண்டு ஸ்பூன் சீனி போட்ட டீ ஒரு 80. மைதானத்தில் 130-ஐ விட்டுவிட்டு, வாசலில் 350-ஐ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். அதன் பிறகு காலை டிபன் வேறு.

கலோரி என்பது வெறும் வெப்ப அளவு. உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்றால், ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம். தாமிரபரணித் தண்ணீர் ஆனாலும் அதே கணக்குதான். மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் எதுவானாலும் ஒரு கிராமுக்கு 4. எண்ணெய், நெய், தேங்காய்க் கொழுப்புக்கு 9. இந்த ஒன்பதில்தான் நான் வருடக்கணக்கில் ஏமாந்திருக்கிறேன்.

வீட்டில் நான் எண்ணெய்ப் பலகாரம் தொடாதவன், காலை டிபனுக்கு வெறும் நாலு இட்லிதான் என்று உங்களிடம் பெருமை பேசியது ஞாபகம் இருக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடி, அதன்மேல் நல்லெண்ணெய். ஒரு நாள் எண்ணெய் பாட்டிலைச் சாப்பிடும் முன்னும் பின்னும் தராசில் வைத்தேன். 32 கிராம் குறைந்திருந்தது. ஒன்பதால் பெருக்கினால் 288. நாலு இட்லியும் சேர்த்தே 240 தான் வரும். இட்லியை எண்ணினேன், எண்ணெயை எண்ணவில்லை.

நமக்குள் சுற்றிவரும் வைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருப்பட்டி போட்டால் உடம்பு ஏறாது என்று ஒரு அண்ணாச்சி அடித்துச் சொல்கிறார். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், கிராமுக்கு ஏறக்குறைய அதே நாலு. எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர் கொழுப்பைக் கரைக்காது. அந்தத் தேனுக்கு ஸ்பூனுக்கு 20 கலோரி கணக்கில் சேரும். சித்திரை வெயிலிலும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நடக்கும் தம்பிக்கும் சொல்லிவிடுகிறேன்: வேர்வையில் போவது தண்ணீர். வீட்டுக்குப் போய் ஒரு செம்பு மோர் குடித்தால் எடை திரும்பி வந்துவிடும். மயக்கம் போட்டு விழாமல் இருந்தால் சரி.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1,660 தேவை. “அவர் சாப்பிடும் அளவுதான் நானும் சாப்பிடுகிறேன், எனக்கு மட்டும் ஏன் ஏறுகிறது” என்று மதினி கேட்டதற்கு அன்று எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வித்தியாசம் ஒரு நாளைக்கு 450. சோறாகச் சொன்னால் 350 கிராம், ஒரு தட்டு நிறைய.

நான் செய்தது பெரிய விரதம் ஒன்றும் இல்லை. நல்லெண்ணெய் ஒரு சின்ன ஸ்பூன், வடை வாரம் ஒன்று, டீயில் சீனி அரை ஸ்பூன், மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறைத்துப் பயறோ கீரையோ கூடுதலாக. ஒரு நாளைக்கு 300 கலோரிக்கு மேல் குறைந்தது. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவில் சுமார் 7,700 கலோரி. அதன்படி ஏழு மாதத்தில் எட்டு கிலோ இறங்க வேண்டும். எனக்கு ஆறுதான் இறங்கியது. உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைகிறது, நான்காவது மாதத்துக்கு மேல் முள் நகரவே யோசித்தது. தீபாவளி, ஒரு மறுவீட்டுச் சொதி விருந்து, அதெல்லாம் நடுவில். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

நடையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். சுகர், பிரஷர், தூக்கம், மூட்டு எல்லாவற்றுக்கும் நடை நல்லது. வடைக்கு ஈடுகட்ட மட்டும் அதற்கு வலுவில்லை.

இனி என் கோரிக்கை. இந்த ஏழு மாதத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது பசி அல்ல, உங்கள் அன்புதான். “ஒண்ணுதானே வே, நடந்தாச்சுல்லா” என்று கையில் திணிப்பீர்கள். வேண்டாம் என்றால், “பெரிய டயட்டு” என்று பெஞ்சே சிரிக்கும். எத்தனை நாள் அந்தச் சிரிப்புக்குப் பயந்து தின்றிருக்கிறேன் தெரியுமா? ஒருவர் வேண்டாம் என்றால் ஒரு தடவையோடு விட்டுவிடுங்கள். அக்காமாரிடம் “ஏன் இன்னும் குறையல” என்று எல்லார் முன்னாலும் கேட்பதையும் நிறுத்துங்கள். பிறந்தநாள், பேரன் பிறந்தது, மகளுக்கு வேலை கிடைத்தது என்று வாரம் தவறாமல் வரும் அல்வாவை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? திருநெல்வேலியில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் ஊரைவிட்டு விலக்கிவிடுவீர்கள். பாதிக்குப் பாதி சீனி, ஐந்தில் ஒரு பங்கு நெய் என்று வைத்தாலே 100 கிராம் 400 கலோரியைத் தொட்டுவிடும். வாழையிலைத் துண்டில் ஆளுக்கு அத்தனை விழுகிறது என்பது மட்டும்தான் என் வருத்தம்.

வரும் ஞாயிறு என் முறை. பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். டவுனில் போய் அல்வா வாங்கி வருகிறேன். நாம் பத்துப் பேர், கால் கிலோ போதும், ஆளுக்கு 25 கிராம். தராசு என் பையில் இருக்கும், சண்டை வேண்டாம்.

இப்படிக்கு,
கடைசிச் சுற்றில் எப்போதும் பின்தங்கி வருபவன்