யாத்விகா அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாத்விகா ஜீதோ அம்மாவுக்கு,

1946 டிசம்பர் 20 அன்று நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் எடுத்த உங்கள் படம் என் எதிரில் இருக்கிறது. அரசுத் தரப்பு மருத்துவ நிபுணர் டாக்டர் லியோ அலெக்சாண்டர் உங்கள் காலிலுள்ள தழும்பைக் காட்டி நீதிபதிகளுக்கு விளக்குகிறார். நாஜி முகாம்களில் கைதிகள் மேல் மருத்துவப் பரிசோதனை நடத்திய வழக்கு அது. குற்றவாளிக் கூண்டில் 23 பேர். அதில் 20 பேர் மருத்துவர்கள்.

மருந்தியல் படித்த பெண் நீங்கள். எந்த மருந்தின் பெயரால் உங்கள் காலைக் கிழித்தார்கள் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். 1942 ஜூனில் நாஜித் தலைவன் ஹைட்ரிச் காயம் சீழ்பிடித்துச் செத்தான். சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்ற பேச்சு, வைத்தியம் பார்த்த கார்ல் கெப்ஹார்ட்டின் தலைக்குக் கத்தியாக வந்தது. சல்ஃபாவால் பயனில்லை என்று காட்ட அவனுக்குப் புண்கள் தேவைப்பட்டன. ஜெர்மனியில் பெண்களை அடைத்த ராவென்ஸ்புரூக் வதைமுகாமில், உங்களையும் சேர்த்து 74 போலந்துப் பெண்களின் கால்களைக் கீறி, கிருமியும் மரத்தூளும் கண்ணாடித் துண்டும் வைத்துத் தைத்தார்கள். ஐந்து பேர் அதிலேயே இறந்தார்கள். ஆறு பேரைப் புண் ஆறும் முன்பே சுட்டார்கள். நாங்கள் சோதனை எலி என்போம். உங்கள் மொழியில் முயல். நொண்டித் தத்தி நடந்ததாலும் அந்தப் பெயர் உங்களுக்கு ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் நீங்கள் வாய்மூடி இருக்கவில்லை. ஊன்றுகோலோடு போய் முகாம் அதிகாரியிடம் எதிர்ப்புச் சொன்னீர்கள். உங்கள் தோழிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் வரிகளுக்கிடையே, சிறுநீரை மையாக்கி உண்மையை எழுதி அனுப்பினார்கள். 1945 பிப்ரவரியில் உங்களைக் கொன்று தடயத்தை அழிக்கப் பார்த்தபோது மற்றக் கைதிகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள்.

கெப்ஹார்ட் 1948 ஜூனில் தூக்கில் தொங்கினான். அந்தப் பரிசோதனைகளில் கூட இருந்த முகாம் பெண் மருத்துவர் ஹெர்ட்டா ஓபர்ஹாய்சர்? 20 வருடத் தண்டனை பத்தாகக் குறைந்து, 1952இலேயே வெளியே வந்து, ஸ்டோக்ஸே என்ற ஊரில் குடும்ப மருத்துவராக உட்கார்ந்துவிட்டாள். ராவென்ஸ்புரூக்கில் இருந்த ஒரு பெண் அடையாளம் கண்டு சொன்ன பிறகு, 1958இல்தான் உரிமம் பறிபோனது. அதுவரை அந்தக் கை நோயாளிகளின் நாடி பிடித்திருக்கிறது. இதை என்னால் நிதானமாக எழுத முடியவில்லை அம்மா.

நான் மருந்து ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒப்புதல் படிவத்தை நோயாளிகளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவரவர் சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது, சேர்ந்த பிறகும் விலகிக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் வரும் வரிகள், 1947 ஆகஸ்டில் உங்கள் வழக்கின் தீர்ப்பில் எழுதப்பட்ட 10 விதிகளிலிருந்து கிளைத்தவை.

போன வாரம் ஒரு பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "வேணாம்னு சொன்னா டாக்டரு கோவிச்சுக்குவாரா கண்ணு?" என்றார்.

"மாட்டாரு பாட்டி. எப்பவும் போலத்தான் பாப்பாரு."

"அப்ப எனக்கு வேணாம்."

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நடந்தார். யாரும் தடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வணக்கத்துடன்,
உங்கள் படத்தின் முன் ஒரு தமிழ்ப் பெண்