பைண்டிங்குக்குப் போன தீரர்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். எதற்காக எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். பழைய சென்னைச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு, 1927ஆம் ஆண்டுக் கட்டு. நான்கு முறை வந்து கேட்டுவிட்டேன். நான்கு முறையும் ஒரே பதில்: "பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்."

தீரர் சத்தியமூர்த்தி 1923 முதல் 1930 வரை அந்தச் சபையில் இருந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அங்கே போராடியபோது எதிர்த்து நின்றவர். அம்மையார் அவருக்குக் கொடுத்ததாக ஒரு பதிலடியை மேடைக்கு மேடை சொல்கிறார்கள், ஆளுக்கொரு விதமாக. அம்மையார் பக்கம்தான் நியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒருவரைத் திட்டுவதற்கு முன்னால், அவர் சபையில் என்னதான் பேசினார் என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் அந்தக் கட்டைக் கேட்கிறேன்.

போன முறை அதற்குப் பதிலாக டெல்லி மத்திய சட்டசபைக் கட்டு ஒன்றைக் கொடுத்தீர்கள். நன்றி. 1935இலிருந்து துணைக் கேள்வி மேல் துணைக் கேள்வி போட்டு வெள்ளைக்கார அரசை அவர் குடைந்தெடுத்த இடம் அது. விரலில் எச்சில் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தைத் திருப்பினேன். ஓரம் அப்பளமாக நொறுங்கி மடியில் விழுந்தது. உள்ளே இராமபாணப் பூச்சி துளைத்துக்கொண்டு போன வழி. கேள்வி இருக்கிறது, பதிலைக் காணோம். அன்றைய அரசின் பதிலில் படிக்க என்ன இருந்திருக்கப் போகிறது என்கிறீர்களோ?

காங்கிரஸ் கட்சி அலுவலகத்துக்கு அவர் பெயர். பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் அவர் பெயர். மேயராக இருந்தபோது 1940இல் அடிக்கல் நாட்ட வைத்தவர், 1944இல் வேலை முடிந்தபோது உயிரோடு இல்லை. பிறந்தநாள் வந்தால் மாலை. அந்த மாலைச் செலவில் ஒரு கட்டை ஸ்கேன் செய்திருக்கலாம். காமராசரின் குரு என்று ஒரு வரி சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது!

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: அந்தக் கட்டுகள் தூளாவதற்குள் ஸ்கேன் செய்யுங்கள். அதுவரைக்கும் 1927ஆம் ஆண்டுக் கட்டை ஒரு மணி நேரம் பார்க்கத் தாருங்கள். எந்த பைண்டரிடம் இருக்கிறது என்று சொன்னாலும் போதும், அங்கேயே போய் நின்றுகொண்டு படித்துவிடுகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய உறுப்பினன்