யார்க் பேராலயத்தில் அந்தப் பெயர்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

பிரித்தானியாவில் தமிழ்ப் பயணிகளைப் பேருந்தில் அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். யார்க் பேராலயத்துக்கு நீங்கள் ஒதுக்கும் நேரம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். அதை நான் விவரிக்கத் தேவையில்லை. அண்மையில் நான் சென்ற குழுவை ‘ஐந்து சகோதரிகள்’ சாளரத்தின் முன் நிறுத்திய வழிகாட்டி, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கண்ணாடி, பதினாறு மீட்டர் உயரம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சொன்னதெல்லாம் சரி. ஆனால் 1914 முதல் 1918 வரை நடந்த போரில் உயிரிழந்த பெண்களின் நினைவாக, 32,000 பெண்கள் கொடுத்த பணத்தில் அந்தச் சாளரம் செப்பனிடப்பட்டு 1925 ஜூன் 24 அன்று அர்ப்பணிக்கப்பட்டதை அவர் சொல்லவில்லை. அருகிலேயே ஓக் மரத் தட்டிகளில் இருக்கும், போரில் இறந்த அந்தப் பெண்களின் 1,513 பெயர்களின் பக்கம் எங்களைத் திருப்பவும் இல்லை.

எங்களுடன் வந்திருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தாமாகவே அந்தத் தட்டிகளைக் கண்டுபிடித்தார். முழங்கால் வலியோடு கைத்தடியை ஊன்றி நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் படித்தார். ஒரு தட்டியைக்கூட அவர் முடிக்கவில்லை. “அம்மா, உங்களுக்காகத்தான் பஸ் நிற்கிறது” என்று குரல் வந்துவிட்டது. அடுத்து இறங்கிய இடம் தள்ளுபடிக் கடைத்தொகுதி. அங்கே எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை என்பதை நன்றியோடு பதிவுசெய்கிறேன்.

அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் செவிலியர்கள் மட்டுமல்ல. லீட்ஸ் அருகே பார்ன்போ வெடிமருந்துத் தொழிற்சாலையில் 1916 டிசம்பர் 5 இரவு குண்டு வெடித்து இறந்த 35 பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை, அணிந்திருந்த அடையாள வில்லையைக் கொண்டே யாரென்று அறிய முடிந்தது. விபத்து நடந்த செய்தியையே போர்க்காலத் தணிக்கை வெளியே விடவில்லை. அன்று மறைத்த அரசுக்குப் போர் என்ற காரணமாவது இருந்தது. உங்களுக்கு இருப்பது கடைத்தொகுதி மூடும் நேரம்.

நம்மவர் சுற்றுலாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிவிட்டன. மணிமுடியைப் பார்க்க வரிசையில் நிற்கலாம், கால்பந்து மைதானத்தின் வெளிக்கதவைக்கூடச் சுற்றி வந்து படம் எடுக்கலாம். வேலை செய்த இடத்தில் செத்துப்போன பெண்களின் பெயரைப் படிக்க மட்டும் நேரம் இருக்காது. நுழைவுச்சீட்டுக்கான பணத்தையோ எங்களிடம் முழுதாகவே வாங்கிக்கொள்கிறீர்கள்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அரை மணி நேரம்தான். அந்தத் தட்டிகளுக்கென்று பயண நிரலில் அதை எழுதிச் சேருங்கள். அவை எதற்காக அங்கே இருக்கின்றன என்பதை வழிகாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்து படிக்க ஒரு மடக்கு நாற்காலியைப் பேருந்தில் வைத்திருங்கள். கோடைகாலப் பயண நிரலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருத்தி