வயலுக்காகக் கேட்கும் கேள்வியைச் சபையிடமும் கேட்போம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஒவ்வொரு சிறுபோக நெற்செய்கைக்கும் முன்னர் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தில், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் நீரை நம்பியிருக்கும் விவசாயிகள் அதிகாரிகளிடம் எவ்வளவு துணிவுடன் கேள்வி எழுப்புகிறார்கள் என்பதை எமது மட்டக்களப்பு மாவட்டத்தவர் அறிவர். குளத்தில் எத்தனை அடி நீர் இருக்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், வாய்க்கால் எந்தத் திகதியில் திறக்கப்படும் என்பவையெல்லாம் அனைவர் முன்னிலையிலும் விவாதிக்கப்பட்டுத் தீர்மானங்களாக எழுதப்படுகின்றன. அதே விவசாயி, தன் வீட்டு வாசலில் போடப்படும் கொங்கிறீட் வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று உள்ளூராட்சி மன்றத்திடம் கேட்பதில்லை. பல ஆண்டுகளாக என் மனதை உறுத்தும் விடயம் இது.

சிவில் சமூகம் என்றால் திட்டநிதியுடன் வந்து பயிற்சிப்பட்டறை நடத்தும் நிறுவனம் என்ற எண்ணம், 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்நிறுவனங்கள் செய்த உதவியை நான் மறுக்கவில்லை. பல குடும்பங்கள் அவற்றால்தான் மீண்டெழுந்தன. ஆயினும் நிதி முடிந்ததும் பல அலுவலகங்கள் மூடப்பட்டன. விவசாய அமைப்பும் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் ஊரிலேயே இருக்கின்றன. சந்தா வாங்கி, கணக்கு வாசித்து, ஆண்டுதோறும் நிருவாகம் தெரிவுசெய்யும் இச்சங்கங்களே எமது உண்மையான சிவில் சமூகம்.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன் பின்னர் தேர்தல் நடத்தப்படவில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதியே வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் இம்மன்றங்கள் செயலாளர்களாலும் ஆணையாளர்களாலும் நடத்தப்பட்டன. அக்காலத்தில் ஊரின் குரலாக ஒலித்திருக்க வேண்டிய எமது சங்கங்களும் மௌனமாகவே இருந்தன என்பதை வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறேன்.

கேட்பதற்கான வழி இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பித்தவருக்குத் தகவல் தரப்படுமா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். எமது சங்கத்தார் சிலர் ஒரு வடிகான் வேலையின் மதிப்பீட்டைக் கேட்டு விண்ணப்பித்தபோது, "இது உங்களுக்கு எதற்கு?" என்றே முதலில் வினவப்பட்டது. காரணம் கூறத் தேவையில்லை எனச் சட்டமே சொல்வதை எடுத்துக்காட்டிய பின்னர் பிரதி கிடைத்தது. வடிகானின் நீளத்தை நாங்களே நாடா பிடித்து அளந்து, அந்தப் பிரதியுடன் ஒப்பிட்டோம். அன்று எம்முடன் நின்ற இளைஞர்கள் இப்போது சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உள்ளூராட்சி மன்றத் தவிசாளர்களிடமும் உறுப்பினர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைச் சபையில் சமர்ப்பிப்பதற்கு முன்னர், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஊர்ச் சங்கங்களை அழைத்து, ஆரம்பக் கூட்டத்தைப் போலவே ஒரு திறந்த கூட்டத்தை நடத்துங்கள். எந்த வீதிக்கு, எந்த வடிகானுக்கு, எவ்வளவு என்பதை அங்கே தமிழில் வாசித்துக் காட்டி, எழும் கேள்விகளையும் கூட்டறிக்கையில் பதிவுசெய்யுங்கள். தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ள இப்பகுதியில், பக்கத்து ஊருக்கு எவ்வளவு, ஏன் ஒதுக்கப்பட்டது என்பதும் அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட வேண்டும்.

இங்ஙனம்,
விவசாய அமைப்பொன்றின் முன்னாள் செயலாளர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.